ஒரே மாத்திரைதான்... ஆனால், பெண்களுக்குப் பாதி அளவு! ஏன்?

2013 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 'ஜோல்பிடெம்' என்ற தூக்க மாத்திரையை இனி பெண்களுக்கு 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 5 மில்லிகிராம் மட்டுமே பரிந்துரைக்க வேண்டும் என்றது. அந்த மாத்திரை புழக்கத்துக்கு வந்து சுமார் 20 ஆண்டுகள் கழித்து!

காரணம், ஆண்களைவிடப் பெண்களின் உடலிலிருந்து இந்த மருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. இரவில் போட்ட மாத்திரை காலையிலும் ரத்தத்தில் தங்கியிருக்க, அதே மயக்கத்தோடு கார் ஓட்டினால் என்னவாகும்?

இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது ஏன்? 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கும் வயதில் இருந்த பெண்களை மருந்துகளின் ஆரம்பகட்டப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்பதே அங்கு விதியாக இருந்தது.

கல்லீரல் என்ன செய்கிறது?

நாம் விழுங்கும் பெரும்பாலான மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள 'சிப்' என்சைம்கள். இவற்றில் சில பெண்களிடமும், சில ஆண்களிடமும் வேகமாக வேலை செய்கின்றன. ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காபியிலுள்ள காஃபீன் உடலைவிட்டு வெளியேற அதிக நேரமாகிறது.

கஞ்சா மருந்தும் விதிவிலக்கல்ல

கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கும், போதை தராத 'கன்னாபிடையால்' (சி.பி.டி.) மருந்துக்கு, குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால், இது கல்லீரலின் சில என்சைம்களுக்குத் தடை போடுகிறது. 'க்ளோபஸாம்' என்ற வலிப்பு மாத்திரையோடு சேரும்போது, அந்த மாத்திரையிலிருந்து உருவாகும் வீரியப் பொருள் ரத்தத்தில் பெருகி, தூக்கக் கலக்கம் கூடும். 'வால்ப்ரோயேட்'டுடன் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் சிகிச்சை தொடங்கும் முன்பும், தொடர்ந்தும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.ஹெச்.சி.யை, ஆண் எலிகளைவிடப் பெண் எலிகளின் கல்லீரல் வீரியம் மிக்க இன்னொரு பொருளாக அதிகம் மாற்றுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* கணவருக்கு எழுதித் தந்த மாத்திரையை மனைவியோ, மனைவியின் மாத்திரையைக் கணவரோ போட்டுக்கொள்ள வேண்டாம்.

* கருத்தடை மாத்திரை, மூலிகை மருந்து, சத்து மாத்திரை என எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* புது மாத்திரை தொடங்கியபின் காலையில் மயக்கமோ தள்ளாட்டமோ இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.