காணொலி வழிக் கூட்டுக் கற்றல்: ஆசிரியர்களுக்குத் தேவை என்ன?

தொலைவிலுள்ள இரு பள்ளிகளின் மாணவர்கள் காணொலி வாயிலாக இணைந்து ஒரே செயல்திட்டத்தை மேற்கொள்ள, அழைப்பை இணைக்க ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது.

'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் மகாராஷ்டிரமும் ஒடிசாவும் இணை மாநிலங்களாக உள்ளன. இவ்விரு மாநில மாணவர்கள் தத்தம் ஊரின் மழையளவை ஒரு மாதம் பதிவு செய்து ஒப்பிடுவதாகக் கொள்வோம். அளவிடும் முறை, பணிப் பகிர்வு, உரையாடும் மொழி ஆகியவற்றை ஆசிரியர்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பேசும் நேரத்தை ஒதுக்க வேண்டும். இல்லையேல், கலந்துரையாடல் ஆசிரியரின் விரிவுரையாகவே முடிந்துவிடும்.

தேசிய கல்விக் கொள்கை 2020, ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பணித்திறன் பயிற்சியை வலியுறுத்துகிறது. ஆனால், 2024-25 கல்வியாண்டில் 63.5 சதவீதப் பள்ளிகளில் மட்டுமே இணைய வசதி இருந்ததாக மத்திய கல்வி அமைச்சகத்தின் தரவு தெரிவிக்கிறது. எஞ்சிய பள்ளிகளில், ஆசிரியர் பயிற்சி பெற்றிருந்தாலும் அதன் பயன் வகுப்பறையை எட்டுவது கடினம்.