பூஜ்ஜியம் போட்ட பாட்டில்

‘ஆல்கஹால் இல்லாத பீர்’ என்று விற்பதில் துளிகூட ஆல்கஹால் இருக்காது என்பது கட்டாயமில்லை. இந்தியாவில் கொள்ளளவில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஒன்று மதுபானம். ஜெர்மனியிலும் அந்த அளவுவரை ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று எழுதலாம். பெரும்பாலும் இதை முதலில் வழக்கமான பீராகவே நொதிக்கவைத்து, பிறகு ஆல்கஹாலை நீக்குகிறார்கள். சாதாரணமாக 78 டிகிரியில் கொதிக்கும் ஆல்கஹால், காற்றழுத்தத்தைக் குறைத்தால் வெதுவெதுப்பான சூட்டிலேயே பிரிந்துபோகும். சுவையும் அதிகம் கெடாது. நொதித்தலைப் பாதியில் நிறுத்துவது இன்னொரு வழி. ஆனால் மால்ட்டின் இனிப்பு நாக்கில் தங்கிவிடும். பீர் பிரியர்கள் முகம் சுளிப்பது இதற்குத்தான்.

அரை சதவீதமானாலும் மதுதானே என்று கேட்கலாம். மத நம்பிக்கையாலோ கர்ப்பத்தாலோ அறவே தவிர்ப்பவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானது. மற்றவர்களுக்குக் கணக்கு வேறு. 330 மில்லி பாட்டிலில் 0.5 சதவீதம் என்றால் சுமார் 1.3 கிராம் ஆல்கஹால். அதே அளவு 5 சதவீத பீரில் 13 கிராம். ஆரோக்கியமான கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 கிராமை அகற்றிவிடும் என்பதால் போதை ஏற வழியில்லை. நன்கு பழுத்த பழத்திலும் ரொட்டியிலும்கூடச் சிறிதளவு ஆல்கஹால் உண்டு. பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்ட நிலையில், வழக்கமான பீருக்குப் பதில் இதைக் குடிப்பவருக்கு லாபமே.

சிக்கல் பாட்டிலுக்குள் இல்லை, அதன் மேல் ஒட்டிய பெயரில் இருக்கிறது. மது விளம்பரத்துக்குத் தடையுள்ள நம் நாட்டில் சோடாவும் தண்ணீரும் எந்தப் பெயர்களில் விளம்பரமாகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையில் பூஜ்ஜிய பீர் இன்னும் வசதியான முகமூடி. ஹைனெகன் தன் 0.0 பீரை ஃபார்முலா 1 கார் பந்தயத்திலேயே விளம்பரப்படுத்துகிறது. குடியைக் குறைக்க உதவுகிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். அது மட்டுமே நோக்கமானால் புதுப் பெயர் வைக்கலாமே. அதே பெயரும் அதே சின்னமும் எதற்கு? குடியை விட்டு மீண்டுகொண்டிருப்பவருக்கு அந்த நுரையும் கசப்பும் மணமும் பழைய ஆசையைக் கிளறக்கூடும் என்பதால்தான் மருத்துவர்கள் பலர் இதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். விற்பனைக்குத் தடை தேவையில்லை. மதுவின் பெயரையே தாங்கிவரும் பானத்தின் விளம்பரத்தை மது விளம்பரமாகவே கருதித் தடுக்க வேண்டும்.