பாலிலுள்ள கிருமிகளை விரைவில் அறியும் விதம்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் சங்கத்துக்கு இருவேளையும் பால் ஊற்றும் குடியானவர்கள் அநேகர். அங்கே கொழுப்பும் இதர திடப்பொருளும் பார்த்து விலை போடுகிறார்கள். அதில் தேறியது நல்ல பால் என்றே பலரும் எண்ணுகின்றனர். கொழுப்பு மிகுந்த பாலிலும் கிருமிகள் மலிந்திருக்கக்கூடும் என்பதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வெதுவெதுப்பான பாலில் சிலவகைக் கிருமிகள் 20 நிமிஷத்துக்கொருமுறை இரட்டிக்கும். தடையின்றிப் பெருகுமாயின் ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்துக்கு மேலாகிவிடும். கண்ணாடித் தட்டில் அவற்றை வளர்த்து எண்ணுவதற்கு இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அதற்குள் பால் குழந்தைகளின் வயிற்றில் சேர்ந்திருக்கும்.

ஆகவேதான் மெத்திலீன் நீலப் பரீட்சை வழக்கத்தில் வந்தது. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 10 மில்லி லிட்டர் பாலுடன் 1 மில்லி லிட்டர் சாயக்கரைசலைச் சேர்த்து, 37 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள நீரில் வைக்கவேண்டும். கிருமிகள் பாலில் கரைந்துள்ள பிராணவாயுவை உட்கொள்ளுந்தோறும் நீலம் வெளுக்கும். 5 மணி நேரத்துக்கு மேல் வெளுக்காதது மிக நல்ல பால்; 3, 4 மணி நின்றால் நல்லது; 1, 2 மணி நின்றால் சுமார்; அரை மணிக்குள் வெளுத்தால் மட்டம். ரெசாசூரின் என்னும் மற்றொரு சாயம் 10 நிமிஷத்திலேயே நிறம் மாறிக் காட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் நான்கு தோட்டத்துப் பாலைத் தனித்தனியே சோதித்தோம். மூன்று குழாய்கள் நீலமாகவே நின்றன. ஒன்று அரை மணிக்குள் வெளுத்தது. "எங்கள் பசுவுக்கு யாதொரு நோயுமில்லையே" என்று அதன் சொந்தக்காரர் மனம் வருந்தினார். பசு குற்றமற்றதுதான். வடிகட்டும் துணி ஈரத்தோடு கட்டுத்தறிக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போசியின் விளிம்பு மடிப்பில் பழம்பால் படிந்திருந்தது. துணியை வேகவைத்து வெயிலில் உலர்த்தி, போசியை வெந்நீரிட்டுத் தேய்த்தபின், மறுவாரம் அதே பசுவின் பால் 4 மணிக்கு மேல் நின்றது.

சாயம் கிருமிகளின் மிகுதியைச் சொல்லுமேயன்றி வகையைச் சொல்லாது. தயிராக்கும் கிருமியும் நோய்க்கிருமியும் அதற்கு ஒன்றே. சால்மோனெல்லா போன்றவற்றை வளர்த்து உறுதி செய்ய நான்கைந்து நாட்கள் ஆகும். 1983-இல் அமெரிக்கரான கேரி முல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறையில், மாதிரியை ஓரிரவு போஷித்து, கிருமியின் மரபுப்பொருளைப் பன்மடங்காக்கி, ஏறக்குறைய ஒரு நாளில் அறியலாம். கோயமுத்தூரில் அரசாங்க உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. எனினும் கிராமத்துப் பாலெல்லாம் அங்கு செல்வது சாத்தியமன்று.

ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட சினையில் பசு கன்று வீசினால் புருசெல்லா நோய் இருக்கலாமென ஐயுற்று, மிருக வைத்தியரிடம் தெரிவிப்பது அவசியம். பாலில் நிறமேற்றிய மருந்தொன்றைச் சேர்த்து, மேலெழும் ஆடை வளையத்தின் நிறத்தால் அதனைச் சுமார் ஒரு மணியில் ஊகித்தறியலாம். இந்நோய் பச்சைப்பால் வழியே மனிதரையும் பற்றும். காய்ச்சினால் கிருமி மடியும். ஆயினும் காய்ச்சுதல் அனைத்துக்கும் பரிகாரமென்று இருந்துவிடலாகாது. மடிவீக்கம் கண்ட பசுவின் பாலை வெதுவெதுப்பாகவே வைத்திருந்தால் அதில் ஸ்டாபிலோகாக்கஸ் உண்டாக்கும் நஞ்சு, கொதித்தபின்னும் அழியாது.

சங்க நிர்வாகிகள் மாதமொருமுறையேனும் ஒவ்வொருவர் பாலையும் சாயமிட்டுப் பார்த்தல் நலம். குளிரூட்டிய பாலில் இப்பரீட்சை அவ்வளவு நம்பத்தக்கதன்று. ஆகையால் குளிர்தொட்டியில் ஊற்றுமுன், கறந்து கொணர்ந்த பாலிலிருந்தே மாதிரி எடுக்கவேண்டும்.