பிச்சாவரத்தில் ஒரு பனாமா!

சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு செல்லச் சங்கடம் உண்டு. கப்பல் பனாமா கால்வாய்க்குள் நுழைகிற நாளில் இறங்கி ஊர் சுற்றுவதா, மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவதா? என் ஓட்டு நாற்காலிக்குத்தான். 1914-ல் திறந்த கால்வாய். சுமார் 80 கிலோமீட்டர். ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அத்தனை பெரிய கப்பலை 26 மீட்டர் உயரத்துக்கு மாடிப்படி ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறார்கள். இதை விட்டுவிட்டு யாராவது ஷாப்பிங் போவார்களா?

சரி, நம்ம கதைக்கு வருவோம். பி.எஃப். லோன் போட்டாலும் பனாமா கட்டுப்படியாகாது. ஆனால் கடலூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் மாறி, கிள்ளை வழியாகப் போனால் பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேருகிற இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்புக் காடு. உள்ளே ஊருக்குள் சந்து மாதிரி எங்கே பார்த்தாலும் வாய்க்கால். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) எடுத்த இடம் என்றால் அப்பாக்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்!

படகுத்துறையில் இரண்டு வகை. மோட்டார் படகு, துடுப்புப் படகு. கூட வந்த ஆபீஸ் நண்பன் மோட்டாரையே பார்த்தான்.

"இதுல போனா சீக்கிரம் முடிஞ்சிடும்டா."

"சீக்கிரம் முடிக்கணும்னா எதுக்குடா ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு எழுந்தோம்?"

துடுப்பே ஜெயித்தது. காரணம் இருக்கிறது. மோட்டார் படகு அகலமான தண்ணீரில் ஒரு ரவுண்டு அடித்துத் திரும்பிவிடும். குறுகலான வாய்க்காலுக்குள் நுழைய துடுப்புப் படகால்தான் முடியும்.

நுழைந்ததும் வெயில் அணைந்துவிட்டது. தலைக்கு மேல் சுரபுன்னைக் கிளைகள் பந்தல் போட்டிருக்க, இரண்டு பக்கமும் வேர்கள் சிலந்திக் கால் மாதிரி தண்ணீரில் ஊன்றி நிற்கின்றன. துடுப்பு வீச இடமில்லாத இடத்தில் படகுக்காரர் கிளையைப் பிடித்து இழுத்தே படகை நகர்த்தினார்.

"எங்கேண்ணே இறங்கிப் பார்க்கலாம்?" என்றான் நண்பன்.

"இறங்குறதா? முழங்கால் சேறு சார். உக்காந்தே பாருங்க."

எட்டிப் பார்த்தால் சேற்றிலிருந்து ஆணி ஆணியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் வேரே மேலே வந்து சுவாசிக்கிறது. இலையில் உப்புப் பூத்திருக்கிறது. வேண்டாத உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுமாம். சுரபுன்னை இன்னும் கில்லாடி. விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி தொங்கி, பிறகுதான் கீழே விழுகிறது.

"அதோ, அந்த மரத்தை மட்டும் தொடாதீங்க" என்று காட்டினார். தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இந்த வாய்க்கால்களில் எல்லாமே இயற்கை வெட்டியது அல்ல. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கூப்பு போட்டு மரத்தை மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, அமுங்கி, தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வற்றி, உப்பு மட்டும் தங்கியது. மரம் செத்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து ஒரு வைத்தியம் செய்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் - மேலேயிருந்து பார்த்தால் மீன் முள்! அதன் வழியே ஓதம் ஏறி இறங்க, உப்பு கழுவிப் போனது. நட்ட கன்று பிழைத்தது. பனாமாவில் கப்பல் போக வாய்க்கால் வெட்டினார்கள். இங்கே காடு பிழைக்க வெட்டியிருக்கிறார்கள்.

பிழைத்த காடு சும்மா இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடற்கரை மணல்திட்டிலிருந்த எம்.ஜி.ஆர். திட்டு சிதைந்துபோனது. காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. மரம்தான் காப்பாற்றியதா, கடலிலிருந்து இருந்த தூரமும் சேர்ந்ததா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். படகுக்காரரிடம் கேட்டேன்.

"அவங்க பேசி முடிக்கட்டும் சார். நாங்க மரத்தை வெட்டுறதில்லை."

2022-ல் ராம்சார் பட்டியலில் பிச்சாவரமும் சேர்ந்தது. ஆனால் பட்டியலால் மட்டும் மரம் வாழாது. உப்புத் தண்ணீரோடு கொள்ளிடத்து நல்ல தண்ணீரும் கான் சாகிப் வாய்க்கால் வழியாக வந்து கலந்தாக வேண்டும். பனாமாவுக்கும் இதே கவலைதான். 2023-ல் மழை பொய்த்து ஏரி இறங்கியதும் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள். வாய்க்கால் எவ்வளவு பெரிதானாலும் ஆற்றையும் மழையையும் நம்பித்தான் பிழைப்பு.

போகிறவர்களுக்கு மூன்று யோசனை. காலையிலேயே போங்கள், வெயில் பொல்லாதது. சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். முக்கியமாக, துடுப்புப் படகைக் கேளுங்கள். சீக்கிரம் முடிவதற்கு நமக்கு திங்கட்கிழமை வேலை எவ்வளவோ இருக்கிறது!