கரடிக்குப் பயம்

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, சாமை விளையும் சரிவுகளுக்கு நடுவே ஒரு உண்டு உறைவிடப் பள்ளி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நோட்டை என்னிடம் நீட்டினான். பென்சிலில் ஒரே ஒரு வரி: 'ஐ ஃபியர் ஃபார் பேர்.'

கரடி என்றால் பயம் என்று சொல்ல வருகிறான். ஜவ்வாது மலைக் காட்டில் கரடி உண்டு. அவன் பயம் கதைப் புத்தகத்தில் வந்த பயம் இல்லை.

"ஃபார் எதுக்குப்பா போட்ட?"

"கரடிக்குத்தானே சார் பயம்? 'க்கு'ன்னா ஃபார்தானே?"

பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஏனென்றால் அவன் கணக்கு சரி. 'பஸ்ஸுக்குக் காத்திரு' என்பதற்கு 'வெயிட் ஃபார்' என்று போன வாரம்தான் படித்திருக்கிறான். 'க்கு' வந்த இடத்தில் 'ஃபார்' வந்தது. அதே வழியில் கரடிக்கும் போனான். ஆனால் அவன் எழுதிய வரியை ஓர் ஆங்கிலேயர் படித்தால், 'ஐயோ, கரடிக்கு என்ன ஆகுமோ' என்று பையன் கவலைப்படுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். கரடியைக் கண்டு நடுங்குபவன் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். சொல் தெரியும், அதன் கூட்டாளியைத் தெரியாது. 'லிசன்' தெரியும், 'லிசன் டு' தெரியாது. தமிழில் பாட்டைக் கேட்கிறோம், ஆகவே 'லிசன் த சாங்'. ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம், ஆகவே 'டிஸ்கஸ் அபவுட்'. நமக்கு ஒருவர் மேல் கோபம் வருகிறது, ஆகவே 'ஆங்க்ரி ஆன் ஹிம்'. ஆங்கிலத்தில் கோபம் ஆள் மேல் உட்காராது. 'வித்' போட்டு அவரோடு நிற்கும், அல்லது 'அட்' போட்டு அவரைக் குறிவைக்கும். இவற்றைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு பிழைக்குள்ளும் ஒரு சரியான தமிழ் வாக்கியம் இருக்கிறது.

வினை எந்த உருபோடு சேரும் என்ற கேள்வி நமக்குப் புதிதும் இல்லை. அச்சத்தை ஐந்தாம் வேற்றுமைக்கு உரிய பொருள்களில் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அச்சச் சொல்லுக்கு ஐந்தாவதும் வரும், இரண்டாவதும் வரும் என்று தனிச் சூத்திரமே எழுதியிருக்கிறார். கள்ளரின் அஞ்சலாம், கள்ளரை அஞ்சலாம். இன்று நாம் 'கரடிக்குப் பயம்' என்று நான்காம் வேற்றுமையில் பேசுகிறோம். ஆங்கிலத்தில் இதே கேள்விக்கு விடை தேடி, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேரும் அவர் குழுவினரும் கோடிக்கணக்கான ஆங்கிலச் சொற்களைக் கணினியில் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து 1987இல் கோபில்ட் அகராதி வந்தது. 1996இல் வினைச்சொல்லின் அமைப்புகளுக்கென்றே ஒரு தடித்த நூல் வந்தது. ஒரே அமைப்பில் வரும் சொற்கள் பெரும்பாலும் பொருளிலும் உறவுக்காரர்களாக இருப்பதை அதில் காட்டினார்கள். 'அஃப்ரெய்ட்', 'ஸ்கேர்ட்', 'டெரிஃபைட்' எல்லாமே 'ஆஃப்' குடும்பம். அச்சம் என்ற பொருளைச் சொல்லி அதற்கான உருபையும் சொன்ன தொல்காப்பியர் கண்ணுக்கும் இதே உறவுதான் பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில வாக்கிய அமைப்புகளைச் சொல்லித்தர அதற்கு முன்பே ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1950களின் இறுதியில், அன்றைய சென்னை மாநிலத்தில் ஆரம்ப ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரக் கிளம்பினார்கள். பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்கு, அவர் இன்னொருவருக்கு என்று உருண்டு பெருத்துப் போகும் என்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர். பேனாவைத் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் அ பென்' என்பார் ஆசிரியர். வகுப்பே திரும்பச் சொல்லும். பேனாவுக்குப் பதில் புத்தகம், புத்தகத்துக்குப் பதில் பை. அமைப்பு நாக்கில் ஏறியது. ஆனால் கையில் இருப்பது பேனா என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அதை ஏன் நாற்பது தடவை சொல்ல வேண்டும்?

அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் என்று தென்னிந்தியப் பள்ளிகளில் அவர் வேறு விதமாகப் பாடம் நடத்திப் பார்த்தார். பயிற்சி வரிகள் கிடையாது. ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, விடை கண்டுபிடிக்கச் சொல்வது. மனம் விடையில் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் வாதம். அந்த முயற்சியைப் பற்றி உலகெங்கும் மொழியாசிரியர்கள் இன்றும் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று பேசுகிறார்கள். நான் முக்கால்வாசி பிரபு கட்சி. மலைப் பள்ளியில் போளூர் பஸ் நேரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டால், பேனா பாடத்தில் தூங்கும் பிள்ளைகூட எழுந்து உட்காரும். மீதிக் கால்வாசியில், கூட்டாளிச் சொல்லை ஒருமுறையாவது விரல் வைத்துக் காட்டத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனை பேசினாலும் 'ஃபார்', தானாக 'ஆஃப்' ஆகிவிடுவதில்லை.

விரல் வைத்துக் காட்டுவதற்குத் தமிழே கை கொடுக்கும். பிள்ளைகள் மிரள்வது 'லுக் ஆஃப்டர்', 'கிவ் அப்', 'கிவ் இன்' போன்ற இரட்டைச் சொற்களைக் கண்டு. 'கிவ்' என்றால் கொடு, 'இன்' என்றால் உள்ளே. உள்ளே கொடுப்பது எப்படிப் பணிந்துபோவது ஆகும்? நான் கரும்பலகையில் 'விட்டுக்கொடு' என்று எழுதினேன். எதை விட்டாய், எதைக் கொடுத்தாய்? வகுப்பு யோசித்தது. "தம்பிகிட்ட விட்டுக்கொடுத்துப் போன்னு அம்மா சொல்லும் சார், அதுவா?" அதேதான். 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. ஆட்டைப் பார்ப்பவன் சும்மா பார்க்கிறான், ஆட்டைப் பார்த்துக்கொள்பவன் அதை மேய்த்துக் கொண்டுவந்து பட்டியில் அடைக்கிறான். 'லுக் அட்' ஒன்று, 'லுக் ஆஃப்டர்' இன்னொன்று. கொள், விடு, கொடு, வை என்று குட்டி வினைகளை ஒட்டிப் பொருளைத் திருப்பும் வித்தையை இந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் முன்பே வீட்டில் பேசிப் பழகியவர்கள். ஆங்கிலம் அதே வேலையை 'அப்', 'இன்', 'ஆஃப்' வைத்துச் செய்கிறது.

இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986 முதல் வானத்தைப் பார்க்கிறது. அதை வைத்து ஒரு வரி சொன்னேன்: தொலைநோக்கி 'த்ரூ' பார்க்கிறோம், நட்சத்திரத்தை 'அட்' போட்டுப் பார்க்கிறோம். 'லுக்' ஒன்றுதான், கூட்டாளிகள் இரண்டு. கரடிப் பையன் முணுமுணுத்துப் பார்த்தான்: "வழியா, த்ரூ."

நம்மூர் 'போடு' இன்னும் பெரிய ஆள். டீ போடு, சட்டை போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, லைட்டைப் போடு. ஆங்கிலத்தில் டீக்கு 'மேக்', சட்டைக்கு 'புட் ஆன்', லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்'. 'தப்புப் பண்ணு'கிற நாம் 'டூ அ மிஸ்டேக்' என்போம். அவர்கள் தப்பை 'மேக்' பண்ணுகிறார்கள். ஏன் என்று கேட்டால் விதி கிடையாது. சட்டையைப் 'பண்ணு' என்று நாமும் சொல்வதில்லையே.

கடைசிப் பாடவேளையில் 'இறங்கு' என்ற சொல்லை எடுத்தோம். பஸ்ஸை விட்டு இறங்க 'கெட் ஆஃப்', மலையை விட்டு இறங்க 'கோ டவுன்'. மலையேறித் திரும்பி வர 'கம் அப்'. மலைக்குக் கீழே போளூரில் நின்றுகொண்டு சொன்னால் அதுவே 'கோ அப்' என்றேன். முதல் வரிசைப் பெண் தலையாட்டவில்லை.

"எங்க இருந்து சொன்னாலும் மலைக்கு வர்றோம்னுதான் சார் சொல்லுவோம். வீடு இங்கதான இருக்கு?"

அவள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தாள்: 'ஐ கம் அப் டு ஹோம்.' ஸ்கூலுக்கு 'டு' வேண்டும், ஹோமுக்கு வேண்டாம். பென்சிலை வாங்கி அந்த 'டு'வை மட்டும் அடித்தேன்.