பெற்றோல் வானை வாயுவுக்கு மாற்றினால் இலாபம் வருமா?

இடம்பெயர்ந்து வாழும் இடத்திலோ, மீளக்குடியேறிய ஊரிலோ, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய வானை வாங்கி மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லத் தொடங்கினால், முதல் மாதத்திலேயே தலையிடியாக வருவது எரிபொருட் செலவுதான். அந்த நேரத்தில் யாராவது ஒருவர், "வானை வாயுவுக்கு மாற்றிவிடுங்கள், செலவு பாதியாகக் குறையும்" என்று சொல்வார். கடன் வாங்கியாவது மாற்றிவிடலாமா என்ற எண்ணமும் எழும். அந்த எண்ணத்தைச் செயலாக்க முன்னர் நாம் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அமர வேண்டும்.

எரிபொருளை மாற்றி ஓட்டுவது எமது மக்களுக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை காரணமாக வடக்கில் பெற்றோல் கிடைக்காதிருந்தபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டியவர்கள் நாம். ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று செய்த மாற்றத்துக்குக் கைமுதல் அதிகம் தேவைப்படவில்லை. வாயுவுக்கு மாற்றுவதற்கோ பெருந்தொகையை முதலில் கொடுத்துவிட்டு, பின்னர் சிறிது சிறிதாக அதை மிச்சம் பிடிக்க வேண்டும். மிச்சம் பிடித்து முடியும்வரை இலாபம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

வாயு வேலை செய்யும் விதம்

நாம் இங்கே பேசுவது எல்.பி.ஜி. எனப்படும் திரவமாக்கப்பட்ட பெற்றோலிய வாயுவைப் பற்றி. இது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தில் திரவமாக நிற்கும். அழுத்தம் குறைந்தால் வாயுவாக மாறும். வாகனத்தில் இதற்கெனத் தனியான உருக்குத் தாங்கி ஒன்று பூட்டப்படும். அதிலிருந்து திரவம் குழாய் வழியாக ஓர் ஆவியாக்கிக்கு வரும். எஞ்சினின் சுடுநீர் அதைச் சூடாக்க, திரவம் வாயுவாகி எஞ்சினுக்குள் செல்லும். பெற்றோல் தாங்கியும் அப்படியே இருக்கும். வழக்கமாகப் பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடானதும் வாயுவுக்கு மாற்றுவார்கள். ஆகவே பெற்றோல் செலவு முற்றாக நின்றுவிடாது.

பெற்றோலைப் பற்றவைக்கத் தீப்பொறி பிளக் உண்டு. வாயுவுக்கும் அது தேவை. டீசல் எஞ்சினில் அந்தப் பிளக் இல்லை. ஆகவே உங்கள் வான் டீசல் வானாக இருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லும் மாற்றம் அதற்குப் பொருந்தாது. மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

கணக்கு

ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை ஏறக்குறைய 740 கிராம். ஒரு லீற்றர் வாயுத் திரவத்தின் நிறை ஏறக்குறைய 550 கிராம்தான். ஆகவே ஒரு லீற்றர் வாயு தரும் சக்தி பெற்றோலைவிடக் குறைவு. பெற்றோலில் 10 லீற்றர் முடியும் தூரத்துக்கு வாயுவில் ஏறக்குறைய 12½ லீற்றர் வேண்டும். இதை மறந்து, லீற்றர் விலையை மட்டும் பார்ப்பதாலேயே பலர் ஏமாறுகிறார்கள்.

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால், விளங்கிக் கொள்வதற்காக இலகுவான எண்களை எடுப்போம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா, வாகன வாயு லீற்றர் 180 ரூபா, வானை மாற்றும் செலவு 150,000 ரூபா என்று வைப்போம். வான் ஒரு லீற்றர் பெற்றோலில் 10 கிலோமீற்றர் ஓடும்.

100 கிலோமீற்றருக்குப் பெற்றோல்: 10 லீற்றர், 3,000 ரூபா.
100 கிலோமீற்றருக்கு வாயு: 12½ லீற்றர், 2,250 ரூபா.
மிச்சம்: 750 ரூபா.

செலவு பாதியாகவில்லை, நாலில் ஒரு பங்குதான் குறைந்தது. போட்ட 150,000 ரூபா திரும்பி வர வான் 20,000 கிலோமீற்றர் ஓட வேண்டும். நாளுக்கு 100 கிலோமீற்றராக மாதம் 25 நாள் ஓடும் வானுக்கு இது எட்டு மாத வேலை. வாரத்தில் ஒரு நாள் மாத்திரம் சந்தைக்குப் போய்வரும் வானுக்கோ ஏறக்குறைய நாலு வருடம்.

கடனுக்கு மாற்றினால் நிலைமை இன்னும் வேறு. நூற்றுக்கு இரண்டு மாத வட்டி என்றால் 150,000 ரூபாவுக்கு மாதம் 3,000 ரூபா வட்டி. மாதம் 400 கிலோமீற்றர் ஓடும் வான் மிச்சம் பிடிப்பதும் அதே 3,000 ரூபாதான். மிச்சம் முழுவதும் வட்டிக்கே போய்விடும். முதல் ஒரு சதமும் குறையாது. அந்தக் குடும்பங்கள் எத்தனை வருடம் ஓடினாலும் கடன்காரராகவே இருப்பார்கள். மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடும் வானோ அதே கடனை ஒன்பது மாதத்தில் அடைத்துவிடும்.

வாயு விலை 180 இலிருந்து 210 ரூபாவாக ஏறி, பெற்றோல் விலை ஏறாமல் நின்றால், 100 கிலோமீற்றருக்கு மிச்சம் 375 ரூபாவாகிவிடும். முப்பது ரூபா ஏற்றம், பணம் திரும்பிவரும் தூரத்தை 40,000 கிலோமீற்றராக இரட்டிப்பாக்குகிறது. வாயு 240 ரூபாவானால் மிச்சமே இல்லை. ஆகவே ஒரு விதியை மனத்தில் வைப்போம்: வாயு விலை பெற்றோல் விலையின் ஐந்தில் நாலு பங்கை எட்டினால் இலாபம் முடிந்தது.

2022 தந்த பாடம்

2022 ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. அதே ஆண்டு ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் வாயுச் சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறியது. தாளில் கணக்குப் பார்த்தால் வாயுவின் ஏற்றம் குறைவு. ஆனால் மே, ஜூன் மாதங்களில் வெறும் சிலிண்டரை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்? கிடைக்காத பொருளுக்கு விலை இல்லை. இரண்டு எரிபொருளிலும் ஓடக்கூடிய வான் தட்டுப்பாட்டில் ஓரளவு கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் வாகன வாயு நிரப்பும் இடம் உங்கள் வழியில் இருந்தால்தான் அந்த நன்மை. அதற்காக 30 கிலோமீற்றர் சுற்றிப் போக வேண்டுமாயின் மிச்சம் வீதியிலேயே போய்விடும்.

சமையல் சிலிண்டரைப் பூட்டலாமா?

கூடாது. சமையல் சிலிண்டர் நிமிர்ந்து நின்று மேலிருந்து வாயுவைக் கொடுக்கச் செய்யப்பட்டது. அதைச் சரித்தோ கவிழ்த்தோ வைத்தால் திரவம் வெளிவரும். வாகனத் தாங்கியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் அடைப்பும், குழாய் உடைந்தால் தானாக மூடும் அடைப்பும் உண்டு. சமையல் சிலிண்டரில் அவை இல்லை. 2021 இன் இறுதி மாதங்களில் வீடுகளில் நிகழ்ந்த வாயு வெடிப்புகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அடுப்படியிலேயே அப்படியென்றால், பிள்ளைகளையும் மூடைகளையும் ஏற்றிய வானுக்குள் என்ன ஆகும்?

இறைப்பு மெசினுக்கும் இதே கேள்வி வருகிறது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானதன் பின் தோட்டக்காரர் வேறு வழி தேடியதில் வியப்பில்லை. ஆயினும் வாரத்தில் சில மணித்தியாலம் மாத்திரம் ஓடும் மெசின், முதலில் போட்ட பணத்தை மீட்கப் பல போகம் எடுக்கும். அதைவிடப் பெரியது ஆபத்து. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. கிணற்றுக்குள் இறங்கி அங்கேயே தேங்கும். மெசினை மாற்றும் பணத்தில் ஒரு பகுதிக்கு ஓட்டையில்லாத குழாயும், நல்ல கால் வால்வும் வாங்கினால் அதே நீருக்கு எரிபொருள் குறையும்.

முடிவெடுக்க முன்னர்

1. கடந்த மூன்று மாதம் வான் ஓடிய தூரத்தை எழுதுங்கள். ஊகத்தில் சொல்ல வேண்டாம், மீற்றரைப் பாருங்கள்.

2. வாகன வாயு விற்கும் மிகக் கிட்டிய இடம் எது, இன்றைய விலை என்ன என்று நேரில் கேளுங்கள். சொந்தக் காணி விடுபட்டு வேறிடம் போக நேர்ந்தால் அங்கும் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

3. வாயுத் தாங்கி பின்னால் இடம் பிடிக்கும். எத்தனை மூடை குறையும், அந்த வாடகை இழப்பு எவ்வளவு என்று கணியுங்கள்.

4. பழைய எஞ்சினாயின் அதன் வால்வுகள் வாயுவின் உலர்ந்த சூட்டைத் தாங்குமா என்று அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

5. மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகையைத் திருத்துவியுங்கள், காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள்.

நாள்தோறும் நீண்ட தூரம் ஓடி, வழியிலேயே வாயு கிடைக்கும் வானுக்கு இந்த மாற்றம் நன்மை தரும். எமது குடும்பங்களின் வான்களில் பெரும்பாலானவை அப்படி ஓடுபவை அல்ல. அவற்றுக்கு மலிவான வழிகள் முதலில் உண்டு: காற்றுவடிகட்டியைத் துப்புரவாக்குதல், ரயருக்குச் சரியான காற்று, இரண்டு தோட்டத்து விளைச்சலை ஒரே பயணத்தில் ஏற்றுதல். வெறுமையாகத் திரும்பும் ஒரு பயணத்தைத் தவிர்த்தால் அந்தப் பெற்றோல் முழுவதும் மிச்சம். அதற்குக் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. இந்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் எல்லோருமாக இருந்து, உங்கள் வானின் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். பணம் கொடுக்கும் முடிவை அதன் பின்னர் எடுங்கள்.