நான்கு சக்கரமும் உருளையில் இருக்கிறதா?

நெற்குப்பைக்கு ஸ்போர்ட்ஸ் காரில் வந்த அக்கா மகன், “மாமா, குதிரைத் திறனை அளக்கப் போகிறேன்” என்றான். டைனமோமீட்டரில் சக்கரங்கள் உருளை மேல் சுழலும், கார் நகராது. திறனைக் கம்ப்யூட்டர் காட்டும்.

“பின்சக்கரத்திற்கு மட்டும்தான் உருளை” என்றதும் தடுத்தேன். அவனுடையது ஃபோர் வீல் டிரைவ். பின்சக்கரம் மட்டும் சுழன்றால், சறுக்குகிறது என்று எண்ணி காரின் கம்ப்யூட்டர் முன்சக்கரத்திற்கும் விசையை அனுப்பும். 1989-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் அப்படிப்பட்டதே. முன்சக்கரம் தரையைப் பிடித்தால் கார் உருளையை விட்டுப் பாயும், கிளட்சும் கருகலாம்.

முன், பின் உருளைகள் ஒரே வேகத்தில் சுழலும் எந்திரத்தையே தேடுங்கள். காரை முன்னும் பின்னும் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். டயரில் சிக்கிய கற்களை எடுத்துவிடுங்கள். எதிரே பெரிய மின்விசிறியும், புகை வெளியேறக் குழாயும் அவசியம். ஓடும்போது காருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.